சுவரா, தட்டியா?

வழக்கமாக இங்கே பழைய நினைவுகளை எழுதுவேன். இந்த முறை எங்கள் வீட்டு மாடியில் எழுந்த ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறேன். அதற்குள்ளும் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை காலமான பிறகு என் மகள் இரண்டு பிள்ளைகளோடு புதுக்கோட்டைக்கே வந்துவிட்டாள். இது என் மனைவியின் பூர்வீக வீடு. கீழே இரண்டு அறைகள், மாடியில் ஒரே நீளக் கூடம். பேத்தி அப்போது பிளஸ் டூ. தம்பி சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று வாய் திறந்து சொல்லமாட்டாள். ஆனால் இரவு பதினோரு மணிக்குத் திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஓர் அறை வேண்டும். கூடத்தின் குறுக்கே ஒரு சுவர் எடுத்தால் போதும்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். "நாலரை இஞ்ச் சுவரு, நாலு நாளு வேலை ஐயா" என்றார். முன்பணமும் கொடுத்துவிட்டேன். அந்த வாரம் மைத்துனர் மகன் ஒரு இளம் பொறியாளரோடு வந்தான். அந்தப் பையன் மாடிக்குப் போகவில்லை. கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட தளம்.

"சார், இந்தக் கட்டைங்க தொண்ணூறு வருஷமா இந்தத் தளத்தைத் தாங்கிட்டு இருக்கு. நடுவுல ஒரு செங்கச் சுவரையும் சுமக்க முடியுமான்னு யாரும் அதுங்களைக் கேக்கல" என்றான்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டான். பதினான்கு அடி நீளம், பத்தடி உயரம், ஏறத்தாழ 13 சதுர மீட்டர். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 250 கிலோவுக்கு மேல் வரும். மொத்தம் மூன்று டன்னைத் தாண்டும். அதையே ஜி.ஐ. ஸ்டட் நிறுத்தி இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ அளவுதான். மொத்தம் 350 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் இப்படி மாடியில் செங்கல் சுவர் எடுத்து, இரண்டாம் மழைக்காலத்தில் கட்டைகள் தொய்ந்து, கீழ் அறையில் காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அந்த நேரத்தில் கட்டிலில் யாரும் இல்லை. அது நினைவுக்கு வந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை. "தகரச் சுவரா?" என்றேன். என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போனாள். "கஜா புயல்ல தகரமெல்லாம் பறந்ததை நீங்க பாக்கலையா?" 2018 நவம்பர் 16 விடியற்காலையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள்.

எழுத்தராக இருந்த காலம் முழுவதும், கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் மேலே அனுப்பியதில்லை. இதையும் அப்படியே படித்தேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1750களில் திருச்சிராப்பள்ளிக்காகச் சண்டை நடந்தபோது, புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயருக்குத் தானியம் அனுப்பிப் பிரெஞ்சுக்காரர் வெறுப்பைச் சம்பாதித்தார். அந்த ஊரில் வந்து குடியேறிய நான், இந்தக் கோப்பில் பிரெஞ்சுக்காரர் பெயராக வந்துகொண்டிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கோப்பின் முதல் பக்கம் மரம். 1830களில் அமெரிக்காவின் சிகாகோ வேகமாக வளர்ந்தது. பெரிய உத்திரங்களைச் செதுக்கிப் பொருத்தத் தச்சர்கள் போதவில்லை. மெல்லிய மரச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, இயந்திரத்தில் செய்த ஆணியால் அடித்து வீடு கட்டினார்கள். அப்படி நிற்கும் சட்டத்துக்குத்தான் ஸ்டட் என்று பெயர். இன்றைய உலோக ஸ்டட் அந்த மரச் சட்டத்தின் இடத்துக்கு வந்ததுதான்.

அடுத்த பக்கம் இரும்பு. பம்பாயில் 1860களில் எழுந்த வாட்சன் ஹோட்டலின் வார்ப்பிரும்புச் சட்டகம் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டது. வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டதும் அதே கட்டடத்தில்தான். பிரான்சில் நுவாசியேல் என்ற ஊரில் மெனியே சாக்லேட் ஆலையை ஜூல் சோல்னியே 1872 வாக்கில் கட்டினார். அதில் பாரத்தை இரும்புச் சட்டகம் தாங்குகிறது. செங்கல் இடைவெளியை நிரப்பும் வேலையை மட்டும் செய்கிறது. எலும்பு வேறு, தோல் வேறு என்று பிரித்துக் கட்டிய முன்னோடிகளில் அது ஒன்று.

ஆனால் இரும்பு துருப்பிடிக்கும். அதற்கு விடை கண்டவர் பாரிஸ் பொறியாளர் ஸ்தனிஸ்லாஸ் சொரேல். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்கு 1837இல் காப்புரிமை பெற்றார். காற்றும் ஈரமும் முதலில் துத்தநாகத்தைத்தான் அரிக்கும், இரும்பு தப்பிக்கும். வேதியியல் வகுப்பில் 'ஃபேர் கல்வனிஸே' என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். நம் ஊரில் அதுவே ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. பைப், ஜி.ஐ. ஸ்டட்.

தோலுக்கு ஜிப்சம். பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றிலிருந்து வெட்டி எடுத்த ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்ததால்தான் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்று பெயர் வந்தது. நமக்கு அது பி.ஓ.பி. அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் ஜிப்சத்தையும் காகிதத்தையும் அடுக்காகச் சேர்த்துப் பலகை செய்யக் காப்புரிமை வாங்கினார். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதனுள்ளே கட்டுண்ட நீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகி முடியும்வரை வெப்பம் அடுத்த பக்கம் எளிதில் போகாது. ஜிப்சம் நமக்கும் புதிதல்ல. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியில் களிமண்ணுக்கு நடுவே நரம்பு நரம்பாகக் கிடக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் லஸ்ட்ரான் என்ற நிறுவனம் எஃகுச் சட்டகத்தில், எனாமல் பூசிய எஃகுத் தகடு போர்த்தி, ஆலையிலேயே வீடுகளைச் செய்தது. ஏறத்தாழ 2,500 வீடுகளோடு 1950இல் அது நொடித்துப்போனது. ஆனால் மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்துச் சட்டமாக்கும் தொழில் நிலைத்துவிட்டது. அத்தகைய சட்டங்களுக்கு நம் நாட்டிலும் ஐ.எஸ். 801 என்ற விதி வந்தது. 2021 ஜனவரி 1 அன்று ஆறு நகரங்களில் மாதிரி வீட்டுத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். சென்னை பெரும்பாக்கத்துக்கு ஆலையில் வார்த்த கான்கிரீட் முறை. திரிபுராவின் அகர்தலாவில் 1,000 வீடுகளுக்கு இந்த மெல்லிய எஃகுச் சட்டகம்.

இவ்வளவும் படித்தபின் பொறியாளரை மறுபடி அழைத்து, என் மனைவியின் கேள்வியையே கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவின் முக்கியச் செய்தி.

"சார், இதுல ரெண்டு ஜாதி இருக்கு. வீட்டையே தாங்குற ஸ்டட் தடிச்ச தகடு. காத்துக்குக் கணக்குப் போட்டு, அஸ்திவாரத்துல போல்ட் போட்டு இறுக்கணும். தடுப்புக்குப் போடுற ஸ்டட் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அது தன்னைத்தானே தாங்கும், வேற எதையும் தாங்காது. இதை நம்பிக் கூரை போட்டா அடுத்த கஜாவுல போயிடும். உங்க மாடிக்கு ரெண்டாவதுதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் ஊரில் இதற்குப் பெயரே உண்டு: தட்டி. மூங்கில் நட்டு, குறுக்கே பிளாச்சு கட்டி, மேலே மண் அப்பினால் அது தட்டிச் சுவர். கூரையைத் தாங்குவது கால்கள்; தட்டி மறைப்பு மட்டுமே. மூங்கிலின் இடத்தில் துத்தநாகம் பூசிய தகடு, மண்ணின் இடத்தில் ஜிப்சம். தட்டி என்று நினைத்துப் போட்டால் ஏமாற்றம் இல்லை. சுவர் என்று நினைத்துச் சாய்ந்தால்தான் வம்பு.

கொத்தனாரிடம் விவரத்தைச் சொன்னேன். கோபிக்கவில்லை, முன்பணத்தைச் சமையலறைப் பூச்சு வேலையில் கழித்துக்கொண்டார்.

வேலை இரண்டே நாள். தரையிலும் மேலேயும் 'ப' வடிவச் சேனல். அதற்குள் இரண்டடிக்கு ஒன்றாக ஸ்டட். ஒரு பக்கம் போர்டு அடித்து, நடுவில் சத்தம் அடங்கக் கண்ணாடிக் கம்பளி வைத்து, மறுபக்கம் மூடினார்கள். இணைப்புகளில் டேப் ஒட்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, மணல் சுமக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. கனமான புத்தக அலமாரி மாட்ட முன்கூட்டியே உள்ளே பிளைவுட் வைத்திருக்க வேண்டும். நாங்கள் வைக்கவில்லை. வெறும் ஆணியில் கடிகாரம் மாட்டினேன், மூன்றாம் நாள் ஆணியோடு வந்துவிட்டது. சாதாரண போர்டு நனைந்தால் ஊறிப்போகும். குளியலறைக்கும் ஒழுகும் கூரைக்கும் ஆகாது. தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும். அது என் மனைவிக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் பழைய மச்சு வீடுகள் நிறைய உண்டு. பிள்ளைகள் திரும்பி வரும்போது அறை போதவில்லை என்று மாடியில் சுவர் எடுக்கப் பார்ப்போம். எடுப்பதற்கு முன் ஒருமுறை கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். தெரிந்த ஒருவரை அழைத்தும் காட்டுங்கள்.

பேத்தி இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் விட்டுச் சென்ற அறையில் தம்பி உட்கார்ந்து பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறான். பாடம் சொல்லச் சில நாள் அவனை அழைக்க வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் கேட்பதில்லை, கண்ணாடிக் கம்பளி வேலை செய்கிறது. தட்டியைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன்.