லிட்டில் எல்ம் ஊசி

1990-ல் ஆறாயிரத்துச் சொச்சம் ஜனங்களே வாழ்ந்த சிற்றூராயிருந்து, 2020-ல் இரண்டு லட்சம் பேரைத் தாங்கும் நகரமாய் ஓங்கி, இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கும் வாசஸ்தலமாகிவிட்ட, அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்து ஃபிரிஸ்கோவுக்கு மேற்கே, லிட்டில் எல்ம் என்றோர் ஊர் இருக்கிறது. வைத்தியசாலை ஊழியரின் சரித்திரத்தில் அந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு.

நோயாளிக்குப் போட்ட ஊசி மறுகணமே தாதியின் விரலைக் குத்திவிடுவது அத்தொழிலோடு கூடப் பிறந்த அபாயம். நெடுங்காலம் அதை அவளுடைய அஜாக்கிரதை என்றே சொல்லிவந்தார்கள்; அது பெரிய அநியாயம். ஹெபடைடிஸ்-பி கிருமியோடு எச்.ஐ.வி.யும் அந்தச் சிறு துவாரத்தின் வழியே உட்புகலாயிற்று என்பது தெளிவான பிறகு, 1991 டிசம்பரில் மத்தியத் தொழிலாளர் இலாகா பிரசுரித்த விதிகள், யாருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே பாவிக்க வேண்டும் என்றும், கையுறையையும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியையும் முதலாளியே தம் செலவில் அளிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டு, ஊசிக்கு மூடியை மீண்டும் மாட்டும் பழக்கத்தையும், வேறு மார்க்கமில்லாத சந்தர்ப்பம் நீங்கலாக, விலக்கின.

ஆயினும் ஊசியின் சுபாவம் மாறவில்லை. ஊசி குத்தியதால் எச்.ஐ.வி. தொற்றிய ஒரு டாக்டரைப் பற்றித் தொலைக்காட்சியில் கண்டு மனம் வருந்திய தாமஸ் ஷா என்னும் இன்ஜினீயர், மருந்து முழுதும் இறங்கியதும் உள்ளிருக்கும் சுருள்வில் ஊசியை நோயாளியின் உடலிலிருந்தே குழலுக்குள் இழுத்துக்கொள்ளும் சிரிஞ்சை நிர்மாணித்தார். அதைச் செய்யும் தொழிற்சாலைதான் லிட்டில் எல்மில் அமைந்தது. பெரிய கம்பெனிகளின் கொள்முதல் ஒப்பந்தங்கள் வைத்தியசாலைகளின் வாசலை அடைத்துவிட்டன என்று அவருடைய கம்பெனி 1998-ல் வழக்குத் தொடுத்தது. 2004-ல் அக்கம்பெனிகளுள் ஒன்றான பெக்டன் டிக்கின்ஸன் 10 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது.

மத்திய விதிகள் டெக்ஸாஸின் சர்க்கார் ஊழியரைத் தீண்டாத குறையை 1999-ல் அந்த ராஜ்யமே தனிச் சட்டத்தால் நிவர்த்தித்தது. அமெரிக்க வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் 3,80,000-க்கு மேற்பட்ட இத்தகைய காயங்கள் நேர்வதாக மதிப்பிடப்பட்ட நிலையில், 2000 நவம்பர் 6-ல் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், பத்திரமான சாதனங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியைத் தொட்டுப் பணிபுரிவோரின் அபிப்பிராயத்தையும் கேட்டாக வேண்டும் என்றது. அதே சட்டப்படி வைக்கப்படும் காயப் பதிவேட்டில், குத்துப்பட்டவரின் அடையாளம் வெளிப்படலாகாது; குத்திய சாதனம் எந்த வகை, எந்தக் கம்பெனிப் பெயருடையது என்பதோ தவறாமல் பதிவாக வேண்டும்.