வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த ரத்தக் குப்பிகள்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "டீச்சர், பொண்ணு மைக்ரோபயாலஜி சேரணும்ங்கிறா. ரத்தம் எடுத்து ரிப்போர்ட் குடுக்கிற வேலைதானேன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க" என்றான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி நிர்மலா. ஆய்வுக்கு எய்ட்ஸை எடுத்துக்கொள்ளச் சொன்னார் பேராசிரியர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டு நோய், நம் நாட்டில் இருக்காது என்று பலரும் நம்பிய காலம். நிர்மலா தயங்கினார். கணவர் தைரியம் சொல்லி, ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

பாலியல் தொழில் செய்த பெண்களை வைத்திருந்த காப்பகத்தில் ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. பிரித்த சீரத்தை வைக்க வசதியில்லை. வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்தார். சோதனை வசதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, மாதிரிகளோடு அங்கே போனார்.

எலைசா சோதனையில் 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின.

அந்த மஞ்சளைப் பார்த்ததும் யாரும் ஓடிப்போய் ஊருக்குச் சொல்லவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மறுபடி சோதித்தார்கள். அமெரிக்காவிலும் வேறு முறையில் சோதித்து உறுதியான பிறகே அரசு அறிவித்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. ஆய்வேட்டை 1987இல் கொடுத்துவிட்டு, நிர்மலா கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சுனிதி சாலமனுக்கு, மறைந்த பின் 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் அன்று சொல்லவில்லை. நிர்மலாவே பின்னாளில் அதைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கொடுத்த ரத்தத்தால் நாடு விழித்துக்கொண்டது. அவர்கள் பெயரோ நமக்குத் தெரியாது. இன்று சம்மதம் கேட்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியனுப்பியது இரண்டே விஷயம். வந்த முடிவை முதலில் நீயே சந்தேகப்படு. குப்பிக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதை மறக்காதே. இந்த இரண்டும் வந்துவிட்டால் லேப் வேலை சின்ன வேலை இல்லையம்மா.

உங்களில் லேப்பில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அவளைப் படிக்கச் சொல்கிறேன்.