வில்லையை வீசினால் வேலை - மட்டாஞ்சேரியின் சாப்பா கதை

வெளியூரில் குடித்தனம் பண்ணும் நம் ஜனங்களுக்கு இப்போதெல்லாம் மளிகைக்குப் பை தூக்கும் வேலை இல்லை. செல்போனில் அமுக்கினால் புளியும் துவரம்பருப்பும் வாசலுக்கே வந்துவிடும். கொண்டுவரும் பையனிடம் "தேங்க்ஸ் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். அந்தத் தம்பியின் பிழைப்புக்கு ஒரு பழைய கதை உண்டு. அது நடந்தது நான் உத்தியோகம் பார்க்கும் இதே மட்டாஞ்சேரியில்.

இங்குள்ள பஜார் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பண்டகசாலைக்கும் ஒரு வாசல் தெருப்பக்கம், இன்னொன்று காயல்பக்கம். (மலையாளத்தில் 'பாண்டிகசாலை' என்பார்கள், நம்ம வார்த்தைதான்!) வள்ளத்தில் வரும் அரிசியும் மிளகும் பின்வாசலில் ஏறி, முன்வாசல் வழியாகத் தலைச்சுமையாகவும் கைவண்டியிலும் கடைகளுக்குப் போகும். ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் 1920-ல் வந்து, கடல் வாயிலில் இருந்த மணல்திட்டை வெட்டித் துறைமுகம் அமைத்தார். 1928-ல் பத்மா என்ற கப்பல் உள்ளே வந்தது. அதன்பின் கப்பல்கள் பெருகின, மூட்டை தூக்க ஆட்களும் குவிந்தார்கள்.

வேலையைவிட ஆட்கள் அதிகம். யாருக்கு வேலை? இங்கேதான் 'சாப்பா' வருகிறது (சொல்லும்போது 'ச்சாப்பா'). காலையில் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, கூலி. கிடைக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்தில் நிற்பவன் அண்ணனோ தம்பியோ, தள்ளிவிட்டுத்தான் பொறுக்கவேண்டும்.

இதை ஒழிக்கக் கேட்டு 1953-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு மாதத்துக்கும் மேல் நீடித்தது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி இருவரும் செத்தார்கள். கைதான அந்தோணி, காவலில் பட்ட அடியால் பின்னர் இறந்தார். சாப்பா ஒழிந்தது 1962-ல். 2023-ல் வந்த, ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' மலையாளப் படம் இந்தக் கதைதான். கே.எம்.சிதம்பரன் எழுதிய நாடகத்திலிருந்து எடுத்தது.

பி.காம். படித்தவன் புத்தி கணக்கில்தானே போய் நிற்கும்? கப்பல் இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. ஆனால் வந்தவுடன் இறக்க ஆட்கள் தயாராக நிற்கவேண்டும். அப்படிக் காத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு. அதை யார் தலையில் எழுதுவது? சாப்பா காலத்தில் முழுக்கத் தொழிலாளி தலையில். 1948-ல் வந்த துறைமுகத் தொழிலாளர் சட்டம் இதை மாற்றியது. பெயர் பதிந்த ஆட்களுக்கு வரிசைப்படி வேலை. வந்து நின்றும் வேலை இல்லாத நாளுக்கு ஒரு சிறு தொகை. அந்தப் பணம் முதலாளிகள் கட்டும் லெவியிலிருந்து. லண்டன் துறைமுகத்திலும் இதே கதைதான். 1889-ல் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டுப் பெரிய ஸ்டிரைக் நடந்தது. பதிவுத் திட்டம் வந்தது 1947-ல்.

துறைமுகத்துக்கு வெளியே மூட்டை தூக்குபவர்களுக்குக் கேரளம் 1978-ல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் போட்டது. அதில் சிலர் எல்லை மீறியதும் உண்டு. தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே வாங்கிய 'நோக்குகூலி'யை அரசு 2018 மே 1-ல் ஒழித்தது.

இப்போது நம்ம தம்பிக்கு வருவோம். அவன் கையில் வில்லை இல்லை, செல்போன் இருக்கிறது. மணி அடித்தால் வேலை, அடிக்காத நேரத்துக்குக் கூலி இல்லை. காத்திருக்கும் செலவு மறுபடி அவன் தலையில்! வண்டிக் கடன் கேட்டு வந்தால் காட்டச் சம்பளச் சீட்டும் கிடையாது. ஒரு மாதம் வரவு நிறைய, அடுத்த மாதம் பாதி. கவுண்டருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. தமிழ்நாடு 2023-ல் இவர்களுக்கென்று நலவாரியம் அமைத்தது. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம், தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், நிதிக்குக் கட்டவேண்டும். பழைய லெவிதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. ஆனால் விபத்து, முதுமை போன்றவற்றுக்குத்தான் அந்த நிதி. காத்திருக்கும் மணிநேரத்துக்கு இன்னும் விலை வைக்கவில்லை. சாப்பாவை எதிர்த்தவர்கள் கேட்டதில் பாதி பாக்கி நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ சொந்தக்காரப் பையனோ இந்த வேலையில் இருந்தால், ஆதாரை வைத்து இ-ஷ்ரம் தளத்தில் பெயர் பதிந்துவிடச் சொல்லுங்கள். காசு கிடையாது. அன்றைக்குத் துறைமுகத்தில் வில்லை போய்ப் பதிவேடு வந்த பிறகுதான் கூலிக்காரனுக்கு ஒரு பிடி கிடைத்தது. பதிவேட்டில் பெயர் இருக்கட்டும், மிச்சத்தைப் பிறகு கேட்டு வாங்கலாம்.