நெருப்புப் பெட்டியும் வால்வு டியூபும்: ஹோசங்காபாத் ஆசிரியர்களின் கதை



கட்டாரில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் சிலர் சென்ற வாரம் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள். "சேர், ஸ்கூலுக்கு விஞ்ஞானத்துக்கு ஏதும் செய்வம் எண்டு பாக்கிறம். என்ன சாமான் வேணும் எண்டு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புங்க." அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆசிரியர் அறையில் இருந்து நாங்களும் லிஸ்ட் போடத் தொடங்கினோம். நுணுக்குக்காட்டி, தராசு, ஸ்மார்ட் போர்ட் என்று அது நீண்டுகொண்டே போனது.

அப்போது ஒரு டீச்சர், "பழைய அலுமாரியில என்ன கிடக்கு எண்டு முதல்ல பாப்பமே" என்றார். சாவி தேடவே இரண்டு நாள் போனது. திறந்தால், சுனாமிக்குப் பிறகு வந்த பெட்டிகள். சிலவற்றின் நாடாகூட அறுக்கப்படவில்லை. கண்ணாடிக் குழாய்கள் வைக்கோலுக்குள் அப்படியே தூங்குகின்றன. களவு போனதும் இல்லை, உடைந்ததும் இல்லை. அதுதான் பிரச்சினையே. உடைந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும், சில வேளை கைக்காசும் கட்ட வேண்டும் என்ற பயத்தில் பூட்டி வைத்தவர்கள் வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

அதனால் லிஸ்டை நிறுத்திவிட்டு, ஊராருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

1972ஆம் ஆண்டு. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றங்கரையில் ஹோசங்காபாத் மாவட்டம். இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தைப் போலவே வயலும் வெயிலும் உள்ள இடம். அங்கே இரண்டு சிறிய தொண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று ரசூலியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய கிராம நிலையம். மற்றது பன்கேடி பக்கத்தில் கிஷோர் பாரதி. கிஷோர் பாரதியைத் தொடங்கியவர் அனில் சத்கோபால். அமெரிக்காவின் கால்டெக்கில் கலாநிதிப் பட்டம் பெற்று, பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் ஆய்வில் இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்திருந்தார்.

இரண்டு அமைப்புகளும் சேர்ந்து மாநில அரசிடம் ஒரு அனுமதி கேட்டன. கட்டடமோ காசோ கேட்கவில்லை. பதினாறு அரசாங்கப் பாடசாலைகளில் 6, 7, 8ஆம் வகுப்புகளின் விஞ்ஞானத்தைப் பிள்ளைகள் கையால் செய்து படிக்கும் விதமாக மாற்றிப் பார்க்கிறோம், புத்தகத்தையும் பாடத்திட்டத்தையும் மாற்ற எங்களுக்கு உரிமை தாருங்கள் என்றார்கள். அரசு கொடுத்தது. அரசாங்கப் பாடசாலைகளின் புத்தகத்தையே மாற்றும் உரிமை வெளியாருக்குக் கிடைப்பது அன்றைக்கும் அபூர்வம், இன்றைக்கும் அபூர்வம்.

உதவிக்கு வந்தவர்களைப் பாருங்கள். டேராடூனின் டூன் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்த பி.ஜி. பித்ரே என்ற ஆசிரியரும் அவரோடு சேர்ந்த விஞ்ஞான ஆசிரியர்களும். டாட்டா நிறுவனத்திலிருந்து வி.ஜி. குல்கர்ணியும், அண்டக்கதிர் ஆராய்ச்சியாளர் யஷ் பாலும். யஷ் பால் பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார். பிள்ளைகளின் புத்தகச் சுமை பற்றி 1993இல் வந்த பிரபலமான அறிக்கையும் அவர் தலைமையில் எழுதப்பட்டதுதான். அடுத்த ஆண்டிலிருந்து டில்லிப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் வரத் தொடங்கினார்கள். அனிதா ராம்பால், சாதனா சக்சேனா போன்ற பெண்கள் பௌதிகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்குள் வந்தவர்கள்.

பெரிய பெயர்கள் வந்தன என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுதான் எங்களை யோசிக்க வைத்தது.

கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி. கிராமத்து வாத்தியார்கள் நாலு நாலு பேராகக் குழுவாக உட்கார்ந்து, பிள்ளைகள் செய்யப்போகும் பரிசோதனைகளைத் தாங்களே செய்தார்கள். பல்கலைக்கழகத்தார் மேடையில் நின்று விரிவுரை செய்யவில்லை. குழுவுக்குள் உட்கார்ந்தார்கள். ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எல்லோருமாகச் செய்து பார்த்தார்கள். பயிற்சி முடிந்த பிறகும் விட்டுவிடவில்லை. மாதம் ஒரு முறை ஆசிரியர் கூட்டம். வகுப்புக்கு நேரில் போய்ப் பார்ப்பது. எந்தப் பரிசோதனை வேலை செய்யவில்லை, எந்தக் கேள்வி பிள்ளைக்கு விளங்கவில்லை என்று ஆசிரியர் சொன்னால், அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார்கள். நாங்கள் போகும் செயலமர்வுகளை நினைத்துப் பார்க்கிறோம். காலையில் பவர்பொயின்ட், பகலில் சோற்றுப் பார்சல், பின்னேரம் கையெழுத்து. அடுத்த நாள் வகுப்பில் எதுவும் மாறுவதில்லை.

இப்படி உருவான புத்தகத்தின் பெயர் 'பால் வைக்ஞானிக்'. இளம் விஞ்ஞானி என்று சொல்லலாம். முதல் பதிப்பு 1978. அந்தப் புத்தகத்தில் விடைகள் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும், பிறகு கேள்வி இருக்கும். பிள்ளை செய்து பார்த்துத் தன் கொப்பியில் தன் சொல்லில் எழுத வேண்டும். பிள்ளைகள் சந்தேகங்களைக் கடிதமாக எழுத 'சவாலிராம்' என்று ஒருவரையும் உண்டாக்கி வைத்தார்கள். சவால் என்றால் கேள்வி. அப்படி ஒரு மனிதர் இல்லவே இல்லை, ஆனால் கடிதம் போட்ட பிள்ளைக்குப் பதில் போனது.

எல்லாவற்றையும் விட அவர்கள் செய்த கெட்டிக்கார வேலை பரீட்சையில் கை வைத்ததுதான். எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்குப் புத்தகத்தையும் கொப்பியையும் திறந்து பார்த்து எழுதலாம். தனியாகச் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. மனனம் செய்தவனுக்கு அங்கே வேலை இல்லை. பரீட்சையை மாற்றாமல் படிப்பித்தலை மாற்ற முடியாது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே விளங்கிக்கொண்டார்கள்.

மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே 1972இல்தான் எங்கள் நாட்டிலும் கல்விச் சீர்திருத்தம் வந்தது. பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று பிரிந்து கிடந்ததை ஒன்றிணைத்த விஞ்ஞானம் என்று 6ஆம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். க.பொ.த.வுக்குப் பதிலாக வேறு சான்றிதழ்ப் பரீட்சை. 1977இல் ஆட்சி மாறியதும் பரீட்சை பழையபடி சாதாரண தரத்துக்குத் திரும்பிவிட்டது. எங்கள் சீர்திருத்தம் மேலிருந்து வந்தது, மேலிருந்தே போனது. ஹோசங்காபாத் கீழிருந்து வந்தது. அதற்கும் என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறோம்.

1978இல் பதினாறு பாடசாலைகள் மாவட்டம் முழுவதுமாக, இருநூறுக்கும் மேல் ஆனது. அதே ஆண்டில்தான் அரவிந்த் குப்தா என்ற இளைஞர் அங்கே வந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். பூனாவில் லொறி செய்யும் டெல்கோ கம்பனியில் பொறியியலாளர். ஒரு வருட விடுமுறை எடுத்துக்கொண்டு கிஷோர் பாரதிக்கு வந்தவர், கிராமத்துச் சந்தைக்குப் போய் வளையல், பொத்தான், சைக்கிள் வால்வு டியூப் என்று மலிவுச் சாமான்களை வாங்கி வந்து அவற்றோடு விளையாடத் தொடங்கினார். வால்வு டியூபில் ஒரு சிறு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் நெருப்புக் குச்சியைச் செருகினால் அசையும் மூட்டு ஒன்று கிடைக்கிறது. அதிலிருந்து முக்கோணம், சதுரம், ஐங்கோணம், பிறகு முப்பரிமாண உருவங்கள், வீடு, பாலம். 1987இல் இதெல்லாம் ஒரு சிறு நூலாக வந்தது. பல மொழிகளுக்குப் போனது. 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அவர் செய்து காட்டும் விளையாட்டுச் சாமான்களின் காணொளிகள் தமிழ்க் குரலோடும் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

வாசித்ததோடு நில்லாமல் நாங்களும் தரம் 7இல் செய்து பார்த்தோம். வால்வு டியூப் இப்போது இலகுவில் கிடைப்பதில்லை. மூன்று சைக்கிள் கடை ஏறி இறங்கித்தான் கொஞ்சம் எடுத்தோம். குச்சியின் மருந்தை முதலில் சுரண்டிவிட வேண்டும், வீட்டில் செய்பவர்கள் கவனம். பிள்ளைகள் சதுரம் செய்தார்கள். விரலால் தட்டினால் சரிகிறது. முக்கோணம் செய்தார்கள். என்ன செய்தாலும் அசையவில்லை. "ஏன்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றோம். சொல்லிக்கொடுக்காமல் நிற்பது இருபது வருடம் படிப்பித்தவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி வாங்கில் இருந்து, வழமையாக வாயே திறக்காத ஒரு பிள்ளை எழும்பி, "சேர், எங்கட வாப்பா கூரைக்கு மரம் அடிக்கக்குள்ள இப்பிடித்தான் சரிவா ஒண்டு வெச்சு அடிப்பாரு" என்றான். சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சியை வைத்தும் காட்டினான். சதுரம் நின்றது. அவனுடைய தவணைப் பரீட்சைப் புள்ளியை இங்கே எழுத எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அவனுக்காக அல்ல, எங்களுக்காக.

இல்லாமையிலிருந்து விஞ்ஞானம் படிப்பிப்பது புதிய யோசனையும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பாடசாலைகள் அழிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்கென்று 1948இல் யுனெஸ்கோ ஒரு சிறு நூல் வெளியிட்டது. தகரப் பேணியிலும் போத்தலிலும் பரிசோதனை செய்வது எப்படி என்று. அதுதான் பெருகி 1956இல் விஞ்ஞான ஆசிரியர்களுக்கான மூல நூலாக வந்தது. சுனாமிக்குப் பிறகு எங்களுக்குப் பெட்டிகள் வந்தன. அந்த நூலையும் ஒருவர் கையில் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீண்டும் ஹோசங்காபாத். வேலை பெருகியதால் 1982இல் 'ஏகலவ்யா' என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பித்த வினோத் ரைனா வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். 2013இல் இறக்கும்வரை கல்விக்காகவே உழைத்தார். திட்டம் 15 மாவட்டங்களில் சுமார் ஆயிரம் பாடசாலைகள், ஒரு இலட்சம் பிள்ளைகள் என்று வளர்ந்தது. பயிற்சி கொடுப்பவர்களில் பெரும்பகுதியினர் முன்பு பயிற்சி பெற்ற கிராமத்து வாத்தியார்களே.

2002 ஜூலையில் மாநில அரசு இந்தத் திட்டத்தை மூடியது. முப்பது வருட வேலை. மாநிலம் முழுக்க ஒரே பாடநூல் இருக்க வேண்டும் என்றார்கள். இந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் பின்தங்குகிறார்கள் என்று மாவட்டத்தில் முறைப்பாடு எழுந்திருந்தது. ஏகலவ்யா அதை ஏற்கவில்லை. நாடெங்கும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பலன் இல்லை. ஏகலவ்யா இன்றும் புத்தகங்கள் போடுகிறது, ஆசிரியர்களோடு வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பதினாறு பாடசாலைகளில் தொடங்கியது அரசாங்க வகுப்பறையிலிருந்து போய்விட்டது.

அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போவது இலகு. எங்களுக்குப் படுவது வேறு. ஆசிரியர்களை அவர்கள் வென்றார்கள். பரீட்சையையும் எட்டாம் வகுப்புவரை வென்றார்கள். ஒன்பதும் பத்தும் பழையபடியே இருந்தன. "என்ட புள்ள பத்தாம் வகுப்பில என்ன செய்யும்?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லும் வேலை அரைகுறையாக நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். நிந்தவூரில் அந்தக் கேள்வி இன்னும் சத்தமாகக் கேட்கும். பின்னேரம் மூன்று மணிக்கு ரியூசன் சைக்கிள்கள் போகும் வரிசையைப் பார்த்தாலே தெரியும். நெருப்புக் குச்சியோடு விளையாட விட்டால், "சேர் படிப்பிக்காம விளையாட விடுறாரு" என்று உம்மாமார் அதிபரிடம் போவார்கள். போகட்டும், அவர்களையும் ஒரு நாள் வகுப்பில் இருத்திச் செய்ய வைப்போம் என்று பேசிக்கொண்டோம்.

கட்டார் பிள்ளைகளுக்கு நாங்கள் அனுப்பிய பதில் இது. ஸ்மார்ட் போர்ட் இப்போது வேண்டாம். அலுமாரியில் இருக்கும் சாமான்களைப் பாவிக்கத் தொடங்குகிறோம். பிள்ளைகளின் கையில் உடைந்தால் ஈடுசெய்ய ஒரு சிறு தொகையைத் தாருங்கள், கணக்கு ஒவ்வொரு தவணையும் இந்தப் பக்கத்தில் போடுவோம். நிந்தவூர், காரைதீவு, சம்மாந்துறை, ஒலுவில், அட்டாளைச்சேனை விஞ்ஞான ஆசிரியர்கள் விரும்பினால் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம், அதற்குத் தேநீர்ச் செலவு. தரம் 6, 7 பெற்றோருக்கு ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு கூட்டம் வைப்போம், அதற்கு உங்கள் வாப்பாமாரையும் உம்மாமாரையும் வரச் சொல்லுங்கள். இவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமையை அடுத்த பதிவில் சொல்கிறோம். வரும் ஆசிரியர்கள் ஆளுக்கொரு நெருப்புப் பெட்டி கொண்டு வாருங்கள். வால்வு டியூப் நாங்கள் தேடி வாங்கி வைக்கிறோம்.