பூட்டும் பொய்த் திறவுகோலும்

ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங், தோட்டங்களுக்கு நடுவே, தொடர்வண்டிப் பாதையை ஒட்டி வளர்ந்த சிற்றூர். அப்பாதையின் தென்கோடியாக அந்நாளில் விளங்கிய சிங்கப்பூருக்கு, 1947ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். படிப்புக் காலத்தில் பட்ட கடனைத் தீர்க்கும் பொருட்டு, ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் விரிவுரையாளராய் அமர்ந்த அவர்தாம் ஜேம்ஸ் பிளாக். 1950 வரை அங்குப் பணியாற்றிய அவர், பிற்காலத்தில் குடற்புண் நோயாளரின் துயர் துடைத்தார்.

அக்காலத்தில் குடற்புண்ணுக்குக் கிடைத்த மருத்துவம் யாது? சுரந்துவிட்ட அமிலத்தின் கடுமையை மாற்றும் வெண்ணிறக் கலவை மருந்து. பாலும் காரமற்ற உணவும். நோய் முற்றினால் இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி நீக்கும் அறுவை. அமிலம் சுரப்பதையே தடுத்தால் என்ன என்று வினவியவர்களுள் பிளாக் தலையாயவர்.

ஹிஸ்டமின் என்னும் பொருள் இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது என்பது முன்பே அறியப்பட்டதே. ஆயினும், தும்மலையும் தடிப்பையும் அடக்கிய ஹிஸ்டமின் எதிர்மருந்துகள் இச்சுரப்பை அடக்கவில்லை. ஆகவே, ஹிஸ்டமின் என்னும் திறவுகோலுக்கு உடலில் இருவகைப் பூட்டுகள் இருத்தல் வேண்டும் என்று பிளாக் கருதினார். இரண்டாம் பூட்டினுள் நுழையவும் வேண்டும். ஆனால் அதனைத் திறத்தல் கூடாது. அத்தகைய பொய்த் திறவுகோலைச் செய்வதே அவர்தம் நோக்கம்.

1964இல் இங்கிலாந்தின் ஸ்மித் கிளைன் அண்ட் பிரெஞ்சு நிறுவனத்தில் இப்பணி தொடங்கிற்று. வேதியியலார் ராபின் கனெலின் முதலியோர் துணைநின்றனர். ஹிஸ்டமினின் வடிவைச் சிறிது சிறிதாக மாற்றி, முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 சேர்மங்களை ஆக்கினர், ஒன்றும் பயன்தரவில்லை. பின்னர் ஒரு சேர்மம் மிகச் சிறிதளவே சுரப்பைத் தடுத்தது. அந்நூலிழையைப் பற்றிக்கொண்டு, அதன் பக்கச் சங்கிலியை நீட்டினர். நுனியிலிருந்த மின்னூட்டத்தையும் நீக்கினர். இவ்வாறு பிறந்த புரிமமைடு, இரண்டாம் பூட்டு உண்டென்பதை 1972இல் மெய்ப்பித்தது. ஆயினும் வாய்வழி உட்கொள்ள அது ஆற்றல் போதாததாயிற்று. அடுத்து வந்த மெட்டியமைடு புண்ணை ஆற்றியது. எனினும் நோயாளர் சிலரின் குருதியில் வெள்ளணுக்களைக் குறைத்தது. அதற்குக் காரணமெனக் கருதிய தயோயூரியாப் பகுதியை அகற்றி வேறொன்றைப் பொருத்தியபோது கிடைத்ததே சிமெட்டிடின். 1976இல் அது பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. கத்தியை எதிர்நோக்கியிருந்த பலர் மாத்திரையால் நலம் பெற்றனர். 1988இல் பிளாக், கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகிய மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எனினும் மாத்திரையை நிறுத்தியதும் பலருக்குப் புண் மீண்டும் தோன்றிற்று. பெரும்பாலான புண்களுக்கு வேர் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் என்பதை, 1982 முதல் ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் படிப்படியாக உணர்த்தினர். அமிலத்தை அடக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்தபோதுதான் நோயின் வேர் அறுந்தது.

இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், வென்ற ஒரு சேர்மத்தை மட்டும் கூறி, தோற்ற இருநூற்றை மறைத்தல் முறையன்று. ஒவ்வொரு தோல்வியும் பூட்டின் வடிவை ஓரளவு உணர்த்திற்று. அவ்வறிவின் துணையாலேயே திறவுகோல் உருப்பெற்றது.