எல்லைக்கோட்டில் ஒரு கல்யாணம்: பனச்சமூட்டில் காதல், சபை, சான்றிதழ்

அமெரிக்கச் சீனக் குடும்பங்களைப் பற்றிய எழுத்தில் ஒரு விளக்கம் நிலைத்துவிட்டது. கடல் கடந்து வந்த பெற்றோர் ஊர் வழக்கத்தை விட மறுக்கிறார்கள். அங்கே வாழும் பிள்ளை தன் மனம்போல் ஒருவரை நேசிக்கிறது. சண்டை இரண்டு பண்பாடுகளுக்கு இடையே நடக்கிறது. எமி டானின் 'த ஜாய் லக் கிளப்' (1989) நாவலையும் ஆங் லீயின் 'த வெட்டிங் பாங்க்வெட்' (1993) படத்தையும் பலர் இப்படித்தான் வாசிக்கிறார்கள். அப்படியானால் யாரும் எங்கும் குடிபெயராத ஊரில் இதே பிடிவாதம் ஏன் இருக்கிறது? அதற்குப் பண்பாட்டு மோதல் என்ற பதில் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். குடும்பத்தின் எதிர்பார்ப்பு பெரும்பாலும் சொத்தையும் அரசு தரும் தாளையும் காக்கும் ஏற்பாடு. பண்பாடு அதற்குப் பிறகு சொல்லப்படும் காரணம்.

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள பனச்சமூடு இந்த வாதத்துக்கு நல்ல களம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் முட்டிக்கொள்ளும் இந்தக் கடைத்தெருவின் இரு புறத்து நாடார் குடும்பங்களும் அதுவரை ஒரே திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி) ஆட்சியின் குடிகள். பிள்ளைகளின் பள்ளி மொழி வேறானது. ஆனால் சம்பந்தி வீட்டுக்கு நடக்கும் தூரம் மாறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. மாநிலமோ மொழியோ தடையாக நின்றதைவிடச் சபை நின்றது அதிகம்: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரை கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே. இவற்றுக்கு வெளியே இந்து நாடார்கள். ஒரே சாதிக்குள் இத்தனை வேலி.

இந்த வேலியை வெறும் விசுவாசமாகப் பார்ப்பவர்கள் சாதிச் சான்றிதழ் தரும் வில்லேஜ் ஆபீஸை மறந்துவிடுகிறார்கள். கேரள அரசு வேலைக்கான இடஒதுக்கீட்டில் இந்து நாடாருக்கு 1 சதவீதம், எஸ்.ஐ.யு.சி. நாடாருக்கு 1 சதவீதம். லத்தீன் கத்தோலிக்கருக்குத் தனிப் பங்கு உண்டு. மற்ற கிறிஸ்தவ நாடார்கள் நெடுங்காலம் இந்த நாடார் பங்குக்கு வெளியே இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எஸ்.ஐ.யு.சி. எனப்பட்ட தென்னிந்திய ஐக்கிய சபை 1947இலேயே சி.எஸ்.ஐ.யில் கரைந்துவிட்டது. சபை போய்விட்டது, சான்றிதழில் அதன் பெயர் போகவில்லை. ரோட்டைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் வந்தால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிறிஸ்தவ நாடார் என்ற பொதுச் சொல் உண்டு. எந்தச் சபை நாடாரும் அதில் அடங்குவார். கேரளப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. வீட்டில் பெந்தெகொஸ்தே மருமகன் வேண்டாம் என்று ஒரு தகப்பன் சொன்னால், அதில் வேதம் எவ்வளவு, பேரப்பிள்ளையின் அரசு வேலை (பி.எஸ்.சி.) விண்ணப்பம் எவ்வளவு என்று பிரித்துக் காண்பது கடினம். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

சொத்துக்கு இன்னும் நீண்ட கதை உண்டு. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைத் தந்தது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தாலோ, தருவதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. சமபங்கு வழக்கமுள்ள லத்தீன் கத்தோலிக்கரையும், நெய்யாற்றின்கரை முதலிய தாலுகாக்களில் அவ்வழக்கமுள்ள சில புராட்டஸ்டண்டாரையும் அதே சட்டம் இந்த விதியிலிருந்து விலக்கி வைத்தது. ஆக எந்தச் சபை, எந்த வழக்கம் என்பது மகளின் பங்கையே தீர்மானித்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துக்கு வந்த பின் இந்தச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தனி நீதிபதி ஒருவிதமாகவும் இரு நீதிபதிகள் அமர்வு வேறுவிதமாகவும் தீர்ப்பளித்தன. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல்தான் முடித்து வைத்தது: 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும், மகளுக்கும் சமபங்கு. சீதனம் என்ற பேச்சு அதற்குப் பிறகும் ஓயவில்லை என்பதை ஊரறியும்.

குமரி மாவட்ட எழுத்தாளரான, திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் 'புத்தம் வீடு' நாவலை வெளியிட்டார். லிஸி நொடித்துப்போன நிலக்காரக் குடும்பத்துப் பெண். தங்கராஜ் பனையேறி வீட்டுப் பையன். மொழி, மதம், சாதி மூன்றும் ஒன்று. இடையில் நிற்பது பனைமரத்தின் சொந்தக்காரனுக்கும் அதில் ஏறுகிறவனுக்கும் உள்ள தூரம் மட்டுமே. வீட்டின் பெருமை குறையக் குறைய, பெண்ணை உள்ளே பூட்டி வைக்கும் கண்டிப்பு கூடுகிறது. செழித்த குடும்பம் விட்டுக்கொடுக்கும், விழுகிற குடும்பம் விட்டுக்கொடுக்காது என்பதை இத்தனை கூர்மையாகக் காட்டிய சமூகவியல் நூலை நான் தமிழில் படித்ததில்லை.

இந்தக் கண்ணோடு சீனர் வரலாற்றுக்குத் திரும்பினால் அங்கும் தாள்தான் முதலில் தெரிகிறது. 1875இன் பேஜ் சட்டம் சீனப் பெண்கள் வருவதை ஏறக்குறைய அடைத்தது. ஆண்கள் மட்டுமே நிறைந்த குடியிருப்புகள் உருவாக அது ஒரு முக்கியக் காரணம். 1922இன் கேபிள் சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியில்லாத அன்னியரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். 1931 வரை இந்த நிலை. 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்ததைப் பயன்படுத்தி இல்லாத உறவைத் தாளில் காட்டி வந்தவர்கள் 'காகித மகன்கள்' எனப்பட்டார்கள். அரசிடம் உண்மையைச் சொல்லும் திட்டம் தொடங்கியது 1956இல். அதுவரை வீட்டுக்கு வெளியே ஒரு குடும்பப் பெயர், உள்ளே ஒன்று. அப்படிப்பட்ட வீட்டில் மகள் யாரைக் காதலிக்கிறாள் என்ற கவலையில் கன்பூசியஸைத் தேடுமுன் குடிவரவு அலுவலகத்தைத் தேட வேண்டும்.

மொழிக்கும் நினைவுக்கும் இங்கே இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் எதிர்ப்பு எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதை அவை சொல்வதில்லை. சான்றிதழ் அதைச் சொல்கிறதா என்று பார்க்க ஒரு வாய்ப்பு உண்டு. 2021 பிப்ரவரியில் கேரள அரசு எல்லாக் கிறிஸ்தவ நாடார்களையும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. மராத்தா இடஒதுக்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சுட்டிக் கேரள உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதை நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் 105ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பட்டியலிடும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு மீட்டுக் கொடுத்தது. சான்றிதழில் சபை வேறுபாடு அழியும் காலத்தில் சபை மாறிய கல்யாணங்களுக்கான எதிர்ப்பு தளர்ந்தால் என் வாதம் நிற்கும். தளராவிட்டால் விசுவாசத்துக்கு நான் கொடுத்த எடை குறைவு. இதைச் சோதிக்க நேர்காணல் மட்டும் போதாது. எல்லையின் இரு பக்கத்து ஆலயங்களிலும் கல்யாண ஓலை வாசித்த பதிவேடுகளை, அதே மாதங்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவான தானப் பத்திரங்களோடும் விடுதலைப் பத்திரங்களோடும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.