சாவி யார் கையில்? வன்பொருள் பணப்பையின் வரலாறும் தேர்வும்

வன்பொருள் பணப்பை என்பது பிட்காயின், ஈதர் போன்ற கிரிப்டோ நாணயங்களைச் செலவிடுவதற்கான இரகசியச் சாவியை இணையத்திலிருந்து பிரித்து வைத்துக் காக்கும் சிறு மின்னணுக் கருவி ஆகும். பார்ப்பதற்குப் பென் டிரைவ் போலவோ சிறிய கால்குலேட்டர் போலவோ இருக்கும். 2014இல் பரவலாக விற்பனைக்கு வந்த இக்கருவி, இன்று பல நிறுவனங்களால் பல மாதிரிகளில் தயாரிக்கப்படுகிறது. எந்த மாதிரியை வாங்குவது என்ற கேள்விக்கு விலைப்பட்டியல் மட்டும் விடை தராது. கிரிப்டோ நாணயங்கள் இதுவரை எந்தெந்த வழியில் களவு போயின என்ற வரலாறே அதற்கு நல்ல வழிகாட்டி.

சாவியும் பேரேடும்

பெயரில் பணப்பை என்று இருந்தாலும் இக்கருவிக்குள் நாணயம் எதுவும் இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு நாணயம் உள்ளது என்ற கணக்கு, பிளாக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டில் உள்ளது. உலகெங்கும் உள்ள பல கணினிகள் அப்பேரேட்டின் படிகளை வைத்திருக்கின்றன. 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய பிட்காயின் வலையமைப்பே இம்முறைக்கு முன்னோடி. ஒரு முகவரியிலுள்ள நாணயத்தை வேறு முகவரிக்கு மாற்ற, அதற்குரிய தனிச்சாவியால் கையொப்பம் இட வேண்டும். தனிச்சாவி என்பது மிகப் பெரிய ஓர் எண். பிட்காயினில் அதன் நீளம் 256 பிட். அந்த எண்ணை அறிந்தவர் எவரோ அவரே செலவிட முடியும். பேரேடு வேறு அடையாளம் எதையும் கேட்பதில்லை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல் மறந்தால் கிளைக்குப் போய்க் கேட்கலாம். இங்கே கிளையும் இல்லை, மேலாளரும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்புக்குச் சென்ற ஒருவர், தம் வன்பொருள் பணப்பையை அங்குள்ள ஓடையில் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நாணயம் ஓடையோடு போய்விடவில்லை. மீட்புச் சொற்கள் எனப்படும் 12 அல்லது 24 சொற்களை அவர் வீட்டில் எழுதி வைத்திருந்தால், புதிய கருவி ஒன்றில் அவற்றை உள்ளிட்டு அதே சாவிகளைத் திரும்பப் பெறலாம். இதற்கு மாறாக, கருவி பீரோவில் பத்திரமாக இருக்கும்போதே அச்சொற்களை வேறொருவர் படம் பிடித்துக்கொண்டால், கருவியைத் தொடாமலேயே அவர் நாணயம் முழுவதையும் எடுத்துவிடலாம். காக்க வேண்டியது பெட்டியை அன்று, சாவியை.

கருவி பிறந்த கதை

தொடக்க காலத்தில் பயனர்கள் தனிச்சாவியைத் தங்கள் கணினியிலேயே வைத்திருந்தனர். தீநிரல் புகுந்த கணினிகளிலிருந்து சாவிகள் திருடப்பட்டன. பழுதான வன்தட்டுகளோடு சாவிகள் அழிந்தன. இந்தத் தொல்லை வேண்டாம் என்று பலர், நாணயங்களை வாங்கி விற்கும் பரிமாற்றகங்களிடமே அவற்றை விட்டுவைத்தனர். அப்போது சாவி பரிமாற்றகத்தின் கைக்குப் போகிறது. பயனரிடம் இருப்பது திரையில் தெரியும் இருப்புத் தொகை மட்டுமே.

இதன் விளைவு 2014 பிப்ரவரியில் வெளிப்பட்டது. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகம், சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போயின என்று கூறி நொடிப்பு மனு அளித்தது. அவற்றுள் சுமார் 2,00,000 மட்டும் பின்னர் ஒரு பழைய பணப்பையில் கண்டெடுக்கப்பட்டன.

அதே ஆண்டில், செக் நாட்டின் பிராகா நகரைச் சேர்ந்த சதோஷிலேப்ஸ் நிறுவனம் டிரெசர் என்ற கருவியை வெளியிட்டது. செக் மொழியில் அச்சொல்லுக்குப் பாதுகாப்புப் பெட்டகம் என்று பொருள். சாவி கருவிக்குள்ளேயே உருவாகும். கையொப்பமும் உள்ளேயே இடப்படும். கணினிக்கு வெளியே வருவது கையொப்பம் மட்டுமே, சாவி அன்று. இதுவே அதன் அடிப்படைக் கருத்து. பிரான்சில் 2014இல் தொடங்கப்பட்ட லெட்ஜர் நிறுவனம், வங்கி அட்டைகளில் உள்ளது போன்ற பாதுகாப்புச் சில்லைப் பயன்படுத்தும் வழியைத் தேர்ந்தது. அதன் நானோ எஸ் மாதிரி 2016இல் வந்தது.

மீட்புச் சொற்களுக்கான பொது விதி 2013இல் வகுக்கப்பட்டது. பி.ஐ.பி. 39 என்று அழைக்கப்படும் இவ்விதியின் ஆங்கிலப் பட்டியலில் 2,048 சொற்கள் உள்ளன. எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் கையெழுத்துச் சற்று மங்கினாலும் சொல்லை அடையாளம் காணலாம். பல நிறுவனங்கள் இவ்விதியைப் பின்பற்றுவதால், ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் இன்னொரு நிறுவனத்தின் கருவியில் சாவிகளை மீட்க முடிகிறது.

இந்திய அனுபவம்

2018 ஏப்ரலில் தில்லியில் இயங்கிய காயின்செக்யூர் பரிமாற்றகம், தன்னிடமிருந்த 438 பிட்காயின்கள் களவு போனதாக அறிவித்தது. இணையத்துக்கு வெளியே இருந்திருக்க வேண்டிய தனிச்சாவிகள், வேறொரு நாணயத்தைப் பிரித்தெடுக்கும் பணியின்போது வெளிப்பட்டன என்பது அந்நிறுவனம் தந்த விளக்கம்.

அதைவிடப் பெரிய இழப்பு 2024 ஜூலை 18 அன்று நேர்ந்தது. வசீர்எக்ஸ் பரிமாற்றகத்தின் ஒரு பணப்பையிலிருந்து சுமார் 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. இந்திய மதிப்பில் இது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய். அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரியில் வெளியிட்ட கூட்டறிக்கை, இக்களவை வடகொரியாவோடு தொடர்புபடுத்தியது.

அந்தப் பணப்பை ஒரே சாவியால் திறப்பதன்று. கோயில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இட்டு, சாவிகளை வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் கொடுத்து வைப்பது போல, பலர் கையொப்பமிட்டால்தான் அது திறக்கும். கையொப்பமிட்டவர்கள் வன்பொருள் பணப்பைகளையே பயன்படுத்தினர் என்றும், கணினித் திரையில் தெரிந்த விவரமும் உண்மையில் கையொப்பமான விவரமும் வேறுபட்டிருந்தன என்றும் வசீர்எக்ஸ் தெரிவித்தது. பொறுப்பு யாருடையது என்பதில் அந்நிறுவனத்துக்கும் அதன் காப்புச் சேவை நிறுவனத்துக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

களவுக்குப் பின் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. சென்னையிலிருந்து முதலீடு செய்திருந்த ஒருவரின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்களை வாங்கியிருந்தார். திருடப்பட்டவை வேறு வகை நாணயங்கள். ஆயினும் அவரால் தம் நாணயத்தைத் தொட முடியவில்லை. 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பு, கிரிப்டோ நாணயம் தொட்டுணரத்தக்க பொருளோ அரசு நாணயமோ அன்று என்றாலும், அது சொத்தே என்று அறிவித்தது. ஒருவர் அதை அனுபவிக்கவும், மற்றொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று நீதிமன்றம் கருதியது. அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது.

இத்தீர்ப்பு உரிமையை நிலைநாட்டியது. ஆனால் நாணயம் முடங்கிய நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. சட்டம் இழப்புக்குப் பின் துணை நிற்கிறது. இழப்புக்கு முன் காப்பது சாவியைத் தன்னிடம் வைத்திருப்பதே. வன்பொருள் பணப்பையின் தேவை இங்கேதான் எழுகிறது.

கருவிகளின் குறைகள்

கருவி வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்பதும் சரியன்று. 2020 ஜனவரியில் கிராக்கன் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வகம், டிரெசரின் அன்றைய மாதிரிகள் கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் உள்ளிருக்கும் மறைச்செய்தியை எடுத்துவிட முடியும் என்று செய்து காட்டியது. மீட்புச் சொற்களோடு கூடுதலாக ஒரு தனிக் கடவுத்தொடரையும் அமைத்திருந்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. டிரெசர் நிறுவனமும் 2023இல் வெளியிட்ட சேஃப் 3 மாதிரியில் பாதுகாப்புச் சில்லைச் சேர்த்தது.

லெட்ஜருக்கு நேர்ந்தது வேறு வகைச் சிக்கல். 2020இல் அதன் வாடிக்கையாளர் பட்டியல் திருடு போனது. அவ்வாண்டு டிசம்பரில் ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை வெளியாயின. கருவிகளிலிருந்த சாவிகளுக்கு எதுவும் நேரவில்லை. ஆனால் யாரிடம் கிரிப்டோ இருக்கக்கூடும் என்பது திருடர்களுக்குத் தெரிந்துவிட்டது. மீட்புச் சொற்களைக் கேட்கும் போலி மின்னஞ்சல்கள் குவிந்தன. சிலருக்குப் போலிக் கருவிகளே அஞ்சலில் வந்தன.

2025 பிப்ரவரி 21 அன்று, துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட பைபிட் பரிமாற்றகம் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதரை இழந்தது. அங்கும் பொறுப்பாளர்கள் வன்பொருள் பணப்பையால்தான் கையொப்பமிட்டனர். கணினித் திரையில் வழக்கமான பரிமாற்றம் போலக் காட்டப்பட்டது, உண்மையில் பணப்பையின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் கட்டளை. எழுதியிருப்பதைப் படிக்காமல் வெற்றுப் பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு ஒப்பானது இது.

தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை

மேற்கண்ட நிகழ்வுகள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைத் தருகின்றன.

முதலாவது, கருவிக்குச் சொந்தத் திரை உண்டா? பெறுநர் முகவரியையும் தொகையையும் கணினித் திரையில் பார்ப்பது போதாது. கருவியின் திரையில் முழுமையாகப் படித்து, கருவியின் பொத்தானை அழுத்தியோ திரையைத் தொட்டோ ஒப்புதல் தர வேண்டும். விவரம் புரியாத பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தராமல் இருப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, பாதுகாப்புச் சில்லும் திறந்த மூலநிரலும் உண்டா? சில்லு இருந்தால் கருவியைத் திருடியவர் சாவியை எடுப்பது கடினம். மூலநிரல் திறந்திருந்தால் வெளி வல்லுநர்கள் அதைச் சோதிக்க முடியும். 2023 மே மாதம் லெட்ஜர், சாவியை மறைகுறியாக்கி மூன்று பங்குகளாகப் பிரித்து மூன்று நிறுவனங்களிடம் வைக்கும் விருப்பச் சேவையை அறிவித்தபோது, சாவி கருவியை விட்டு வெளியேற வழி உண்டா என்று பயனர்கள் கடுமையாகக் கேள்வி எழுப்பினர். நிரல் திறந்திருப்பதன் மதிப்பை அவ்விவாதம் பலருக்கும் உணர்த்தியது.

மூன்றாவது, கருவி எங்கிருந்து வருகிறது? தயாரிப்பாளரிடமிருந்தோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமிருந்தோ புதிதாக வாங்குவதே நல்லது. பழைய கருவியை மலிவு விலைக்கு வாங்கக் கூடாது. பெட்டியைத் திறந்தவுடன் மீட்புச் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட தாளில் இருந்தால், அது மோசடி. அச்சொற்களை எழுதியவரிடம் சாவி இருக்கிறது என்று பொருள். சொற்கள் எப்போதும் கருவியின் திரையில், முதல் முறை இயக்கும்போதுதான் தோன்ற வேண்டும்.

நான்காவது, வைத்திருக்கும் நாணயத்தைக் கருவி ஏற்குமா? பிட்காயினுக்கு மட்டுமான கருவிகளும் உண்டு. வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, மீட்பு முறை எப்படி? பொது விதியைப் பின்பற்றும் கருவி பிற்காலத்துக்கு நல்லது. ஒரே தாளை நம்ப விரும்பாதவர்களுக்குச் சாவியைப் பங்கிடும் முறையும் உண்டு. கணிதவியலர் அடி ஷமீர் 1979இல் வெளியிட்ட இரகசியப் பங்கீட்டு முறையின்படி, இந்தியாவில் தொடங்கப்பட்ட சைஃபராக் நிறுவனத்தின் எக்ஸ்1, சாவியை ஒரு கருவியிலும் நான்கு அட்டைகளிலுமாக ஐந்து பங்காகப் பிரிக்கிறது. அவற்றுள் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் திறக்கும். ஒன்று மட்டும் திருடனுக்குப் பயன்படாது.

தேர்ந்தெடுத்த கருவியை உடனே முழுத் தொகைக்கும் நம்பிவிடக் கூடாது. சிறு தொகையை அனுப்பி, கருவியின் நினைவகத்தை அழித்து, மீட்புச் சொற்களால் திரும்பப் பெற்றுப் பார்த்த பிறகே மீதியை மாற்ற வேண்டும்.

சட்டமும் வரியும்

கிரிப்டோ தொழிலுக்கு வங்கிகள் சேவை வழங்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று சுற்றறிக்கை விடுத்தது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அதை இரத்து செய்தது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ நாணய விற்பனை ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும், அவ்வாண்டு ஜூலை 1 முதல் பரிமாற்றத் தொகையில் 1 விழுக்காடு வரிப் பிடித்தமும் நடைமுறைக்கு வந்தன. நாணயத்தைச் சொந்தக் கருவிக்கு மாற்றி வைப்பது வரிப் பொறுப்பை நீக்காது. வாங்கிய நாள், விலை, மாற்றிய முகவரி ஆகியவற்றைக் குறித்து வைப்பது அவசியம். கருவி களவைத் தடுக்குமே தவிர, நாணயத்தின் விலை வீழ்வதைத் தடுக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

மீட்புச் சொற்களும் குடும்பமும்

மீட்புச் சொற்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும், மின்னஞ்சலில் அனுப்பி வைப்பதும் கருவியை வாங்கியதன் பயனையே கெடுத்துவிடும். தாளில் கையால் எழுதலாம். ஈரமும் கரையானும் அண்டும் வீடுகளில் எஃகுத் தகட்டில் பொறித்து வைப்பது நீடிக்கும். ஒரு படியை வேறொரு பாதுகாப்பான இடத்தில் வைத்தால் தீ விபத்தில் இரண்டும் போகா. எந்த நிறுவனமும், எந்த அதிகாரியும் இச்சொற்களைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. கேட்பவர் யாராயினும் திருடரே.

கனடாவின் குவாட்ரிகா சி.எக்ஸ். பரிமாற்றகத்தை நிறுவியவர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தபோது, கடவுச்சொற்கள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று நிறுவனம் கூறியது. பணத்தின் பெரும்பகுதி அவருடைய மோசடியாலேயே முன்னரே கரைந்துவிட்டது என்று ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020இல் கண்டறிந்தது. ஆயினும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த சாவி அவரோடு மறையும் என்ற அச்சம் பொய்யன்று.

வங்கி வைப்புக்கு வாரிசு நியமனம் உண்டு. நிலத்துக்குப் பத்திரம் உண்டு. வன்பொருள் பணப்பைக்கு இரண்டும் இல்லை. சென்னைத் தீர்ப்பு கூறியபடி அது சொத்து என்றால், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டிய பொருளும் ஆகும். கருவி எங்கே உள்ளது, மீட்புச் சொற்கள் எங்கே உள்ளன, யாருடைய உதவியை நாடுவது என்பதைச் சொற்களை வெளிப்படுத்தாமல் ஒரு கடிதமாக எழுதி, குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் தெரிவித்து வைப்பது கருவியைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே இன்றியமையாத பணியாகும்.